மெயிலில் வரும் விஷ இணைப்புகள்: நம் சர்வரிலேயே தடுப்பதா, வெளியாளிடம் ஒப்படைப்பதா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். நாற்பது மெயில் பெட்டிகள், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் ஓடும் ஒரே ஒரு சர்வர். அதைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு பிரின்டர், சிசிடிவி, டேலி எல்லாமே பொறுப்பு. போன மாதம் போனில் கேட்டார்: “அண்ணா, பர்ச்சேஸ் ஆர்டர்னு பேர் போட்டு தினம் ரெண்டு மூணு ஜிப் ஃபைல் வந்துட்டே இருக்குதுங்க. மெர்ச்சன்டைசர் ஒருத்தர் நேத்து திறந்தே பார்த்துட்டார். நல்லவேளை, உள்ளே இருந்தது ஓடலை. முதலாளி ஏதாவது ஆன்டிவைரஸ் வாங்கிப் போடுங்கறார். இலவச ஆன்டிவைரஸ் கிளாம்ஏவி போட்டாப் போதுங்களா, இல்ல எல்லாத்தையும் கூகுளுக்கே மாத்திடலாமா?”

சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கும் சிறு அலுவலகங்களில் இதே கேள்வியைப் பல முறை கேட்டிருக்கிறேன். பதில் இடத்துக்கு இடம் மாறும். எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பது மாறாது. அதனால் அளவுகோல்களிலிருந்தே தொடங்குகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லோரும் முதலில் கேட்பது, எது அதிக வைரஸைப் பிடிக்கும் என்பதை. அது ஒரு கேள்விதான். அதற்குச் சமமான இன்னொன்று உண்டு: நல்ல மெயில் தவறித் தடுக்கப்பட்டால் அது யாருக்காவது தெரியவருமா? ஒரு பையர் அனுப்பிய ஆர்டர் அவருக்கும் தெரியாமல், உங்களுக்கும் தெரியாமல் காணாமல் போனால் அந்த சீசனே போய்விடும்.

மூன்றாவது, வடிகட்டி பழுதானால் என்ன நடக்கும்? மெயில் நின்றுவிடுமா, அல்லது சோதிக்கப்படாமலே உள்ளே வந்துவிடுமா? நான்காவது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் யார் உட்கார்ந்து இதைக் கவனிப்பது? கடைசியாகப் பணமும், உங்கள் மெயில் யார் கை வழியாகப் போகிறது என்பதும்.

இவற்றில் நான்காவதுதான் என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு நல்ல வடிகட்டியானாலும் கவனிக்க ஆள் இல்லையென்றால் ஆறு மாதத்தில் அது ஓட்டையாகிவிடும். இல்லையென்றால் யாரோ ஒருவர் பொறுமையிழந்து அணைத்துவிடுவார்.

## எந்த வழியானாலும் முதலில் வாசலைப் பூட்டுங்கள்

இணைப்பைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, அனுப்பும் ஐபி முகவரி மோசமானதா என்று பார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்கள் அதற்குத்தான். இதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் சர்வர் கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் (பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் சேவை) வழியாக ஸ்பாம்ஹவுஸைக் கேட்டால், உண்மையான பதில் வராது, 127.255.255.254 என்ற பிழைக் குறி வரும். ‘ஏதாவது பதில் வந்தாலே தடு’ என்று எழுதி வைத்திருந்தால், அந்த நொடி முதல் எல்லா மெயிலும் திரும்பிப் போகும். சர்வரிலேயே ஒரு சொந்த டிஎன்எஸ் ரிசால்வரை ஓடவிடுங்கள். எந்தப் பதிலுக்குத் தடுக்க வேண்டும் என்பதையும் குறிப்பாக எழுதுங்கள்.

அனுப்புநரின் டொமைன் உண்மையானதா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் சரிபார்ப்பது நல்லது. ஆனால் அவை சொல்வது ‘இந்த டொமைனிலிருந்துதான் வந்தது’ என்பதை மட்டும். ஹேக் செய்யப்பட்ட ஒரு சப்ளையரின் உண்மையான கணக்கிலிருந்து வரும் வைரஸ் மூன்றையும் தேறி உள்ளே வரும். எமோடெட் என்ற வைரஸ் செய்தது இதன் அண்ணன் வேலை: பாதிக்கப்பட்ட கணினியிலிருந்து பழைய மெயில்களைத் திருடி, அந்த உரையாடலுக்கே பதில் போல விஷ இணைப்பை அனுப்பியது. 2021 ஜனவரியில் யூரோபோலும் பல நாட்டுப் போலீஸும் சேர்ந்து அதன் சர்வர்களைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் திரும்பி வந்தது. தெரிந்தவர் பெயரில் வந்த மெயில் என்பது எந்தப் பாதுகாப்பும் இல்லை.

## வழி 1: கோப்பு வகையைப் பார்த்துத் தடுப்பது

போஸ்ட்ஃபிக்ஸிலேயே இருக்கும் வசதி இது. மெயிலின் ஒவ்வொரு பகுதியையும் விவரிக்கும் மைம் தலைப்புகளில் கோப்புப் பெயரைப் பார்த்து, எக்ஸி, எஸ்சிஆர், பேட், விபிஎஸ், ஜேஎஸ், எல்என்கே, ஐஎஸ்ஓ என்று முடிந்தால் ஏற்க மறுக்கிறது. கூடுதல் மென்பொருள் வேண்டாம், நினைவகம் வேண்டாம், செலவு இல்லை.

பலர் இதைப் பழைய காலத்து முறை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2000 மே மாதம் உலகையே சுற்றிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், டிஎக்ஸ்டி என்ற போலி முடிவுக்குப் பின்னால் விபிஎஸ் என்ற உண்மையான முடிவை வைத்திருந்தது. விண்டோஸ் அந்தக் கடைசி முடிவை மறைத்துக் காட்டியதால், படித்தவர்களும் கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள். இன்றும் பிடிஎஃப் என்று பெயரிட்டு எக்ஸி என்று முடியும் இன்வாய்ஸ்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது மெயிலில் எக்ஸி கோப்பு வரவேண்டிய நியாயமான காரணம் இருக்கிறதா? இல்லையென்றால், அது வைரஸா இல்லையா என்று யோசிக்கவே தேவையில்லை. ஆன்டிவைரஸின் கையெழுத்துப் பட்டியல், அதாவது தெரிந்த வைரஸ்களின் அடையாளப் பட்டியல், இன்னும் அறியாத புத்தம் புதிய வைரஸையும் இந்த விதி அதே உறுதியோடு நிறுத்தும். ஆன்டிவைரஸால் அப்படிச் சொல்ல முடியாது.

ஜிமெயிலும் இதைத்தான் செய்கிறது. 2017 பிப்ரவரி 13 முதல் ஜேஎஸ் கோப்பையும் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. கோப்புப் பெயரைக் குறியாக்கம் செய்து அனுப்பினால் போஸ்ட்ஃபிக்ஸின் எளிய விதிக்கு அது புரியாது. ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. பழைய டாக், எக்ஸ்எல்எஸ் கோப்புகளில் மேக்ரோ (கோப்புக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) இருக்கிறதா என்பதைப் பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. போஸ்ட்ஃபிக்ஸின் ஆவணமே இதை முழுமையான வடிகட்டிக்கு மாற்றாக நினைக்காதீர்கள் என்று சொல்கிறது.

மறைமுகச் செலவு, பட்டியலைப் புதுப்பிப்பது. மைக்ரோசாஃப்ட் 2022-இல், இணையத்திலிருந்து வந்த ஆஃபீஸ் கோப்புகளின் மேக்ரோவை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. உடனே தாக்குபவர்கள் ஐஎஸ்ஓ, எல்என்கே பக்கம் போனார்கள். 2023 தொடக்கத்தில் ஒன்நோட் கோப்புகள் குவிந்தன. இப்போது எச்டிஎம்எல், எஸ்விஜி. 2019-இல் எழுதிய பட்டியலை அப்படியே வைத்திருக்கும் சர்வர் இவற்றில் பாதியை விட்டுவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், ஆனால் அந்த அரை மணியை யாராவது ஒதுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் ஆடிட்டர் பக்கத்திலிருந்து வரும். வருமான வரித் துறையின் எக்செல் படிவங்கள் மேக்ரோ உள்ளவை. எக்ஸ்எல்எஸ்எம் என்பதை மொத்தமாகத் தடுத்தால் ஜூலை மாதத்தில் கணக்குப் பிரிவு உங்களைத் தேடி வரும். அந்தக் கோப்பை மெயிலில் அனுப்பாமல் துறையின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளச் சொல்வதுதான் சரியான வழி. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## வழி 2: ஆர்ஸ்பாம்டியும் கிளாம்ஏவியும் சேர்ந்து

இது சர்வரிலேயே உட்கார்ந்து மெயிலைப் பிரித்துப் பார்க்கும் முறை. இரண்டும் இலவசம். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. வேறுபாடு தெரியாமல் ‘கிளாம்ஏவி போட்டுவிட்டேன்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம்.

கிளாம்ஏவி பார்ப்பது கையெழுத்தை. ஏற்கெனவே யாரோ பார்த்து, ஆராய்ந்து, பட்டியலில் சேர்த்த வைரஸின் அடையாளத்தை. காலை ஒன்பது மணிக்குப் புதிதாகச் சமைக்கப்பட்டு ஒன்பதரைக்கு உங்களுக்கு வரும் கோப்புக்குப் பெரும்பாலும் கையெழுத்து இருக்காது. அதனால் தனியாகக் கிளாம்ஏவி மட்டும் என்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தம்பியின் முதலாளி நினைக்கும் ‘ஏதாவது ஆன்டிவைரஸ்’ இதுதான்.

ஸ்பேம் வடிகட்டியான ஆர்ஸ்பாம்டி வேறு விதமானது. குறியாக்கம் செய்த பெயரையும் பிரித்துப் படிக்கும். ஜிப்புக்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்களைப் பார்க்கும். இரட்டை முடிவுகளைக் கண்டுபிடிக்கும். பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் வகை வேறொன்று என்றால் சந்தேகப் புள்ளி சேர்க்கும். அதாவது வழி 1-இன் ஓட்டைகளை அடைப்பது கிளாம்ஏவி அல்ல, ஆர்ஸ்பாம்டிதான்.

பாஸ்வேர்டு போட்ட ஜிப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ‘பாஸ்வேர்டு 1234’ என்று மெயிலிலேயே எழுதி, பூட்டிய ஜிப்பை இணைத்து அனுப்புவது எமோடெட் பழக்கிய தந்திரம். சாதாரண ஸ்கேனரால் உள்ளடக்கத்தைப் பார்க்க முடியாது. ஆனால் சாதாரண ஜிப்பில் பாஸ்வேர்டு உள்ளடக்கத்தைத்தான் பூட்டும். கோப்புப் பெயர்கள் திறந்தே கிடக்கும். பூட்டிய ஜிப்புக்குள் ஒரு எக்ஸி இருப்பதை வெளியிலிருந்தே படித்துத் தடுக்கலாம். ஆர்ஏஆர், 7இசட் ஆகியவற்றில் பெயர்ப் பட்டியலையும் சேர்த்துப் பூட்ட முடியும். அப்படிப் பட்டியலே மறைக்கப்பட்டு வரும் ஆர்க்கைவை ஜிமெயில் ஏற்பதில்லை. நீங்களும் ஏற்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. கிளாம்ஏவியில் ‘பூட்டியது எல்லாவற்றையும் தடு’ என்ற அமைப்பைப் போட்டால் பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்களும் சேர்ந்து மாட்டும். நம் ஊர் வங்கிகளின் மாதாந்திர ஸ்டேட்மென்ட் அப்படித்தான் வருகிறது. சம்பளச் சீட்டும் பல இடங்களில் அப்படித்தான். ஆர்க்கைவுக்குத் தனி அமைப்பு, ஆவணத்துக்குத் தனி அமைப்பு இருக்கிறது. முதலாவதை மட்டும் போடுங்கள்.

இனி மறைமுகச் செலவுகள். மென்பொருள் இலவசம் என்பதால் பலர் இவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நினைவகம் முதலாவது. கிளாம்ஏவி தன் கையெழுத்துப் பட்டியலை முழுவதும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். அதற்கே 1 ஜிபிக்கு மேல் வேண்டும். பட்டியல் புதுப்பிக்கப்படும்போது பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் வைத்திருப்பதால் தேவை இரட்டிப்பாகும். அதன் ஆவணம் குறைந்தது 3 ஜிபி என்று சொல்வது அதனால்தான். நான் ஒரு காலத்தில் 2 ஜிபி சர்வரில் இதை ஓடவிட்டேன். பகல் முழுக்க ஒழுங்காக ஓடியது, விடியற்காலைப் புதுப்பிப்பின்போது லினக்ஸ் அதைக் கொன்றுவிட்டது. காலை பதினொரு மணி வரை அலுவலகத்துக்கு ஒரு மெயில் வரவில்லை, அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

இங்கேதான் மூன்றாவது அளவுகோல் வருகிறது. தன்னோடு நேராக இணைத்த ஸ்கேனர் இறந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகச் செய்வது, ‘பிறகு முயற்சி செய்’ என்று தற்காலிகமாக மறுப்பது. அனுப்பிய சர்வர் மறுபடி முயலும், மெயில் தாமதமாகும், தொலையாது. ‘ஏற்றுக்கொள்’ என்று இதை மாற்றிவைத்தால் அந்த நேரத்தில் சோதனையே இல்லாமல் எல்லாம் உள்ளே வரும். ஆர்ஸ்பாம்டி வழியாகக் கிளாம்ஏவியை இணைத்திருந்தால், கிளாம்ஏவி மட்டும் இறக்கும்போது மெயில் அதன் சோதனை இல்லாமலே உள்ளே வரும். நான் இயல்பு நிலையையே வைத்திருக்கச் சொல்வேன், கூடவே ஸ்கேனர் உயிரோடு இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துச் செய்தி அனுப்பும் ஒரு சின்ன ஸ்கிரிப்டும்.

இரண்டாவது, அளவு வரம்பு. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேலான கோப்பைக் கிளாம்ஏவி முழுதாகச் சோதிக்காது. மாற்றிச் சொல்லாவிட்டால், அது சுத்தமானது என்றே சொல்லிவிடும். 2023 மார்ச்சில் எமோடெட் இதைப் பயன்படுத்திக்கொண்டது. சிறிய ஜிப்புக்குள், திறந்தால் 500 எம்பிக்கு மேல் ஊதும் வேர்டு கோப்பை வைத்து அனுப்பியது. வரம்பை மீறினால் எச்சரிக்கும் அமைப்பை மறக்காமல் போடுங்கள்.

மூன்றாவது கிரேலிஸ்டிங். முதல் முறை வரும் அந்நிய மெயிலைச் சில நிமிடம் காக்கவைக்கும் இந்த முறை, புதிய வைரஸுக்குக் கையெழுத்து வந்து சேரக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். ஆனால் ஓடிபி மெயில்களும் தாமதமாகும். பெரிய நிறுவனங்கள் மறுமுயற்சியை வேறு ஐபியிலிருந்து செய்வதால் தாமதம் மணிக்கணக்கில்கூடப் போகலாம். ஜிஎஸ்டி, வங்கி வேலைகள் நடக்கும் அலுவலகத்தில் இதை எல்லோருக்கும் போடாமல், சந்தேகப் புள்ளி உள்ள மெயிலுக்கு மட்டும் போடுவது நல்லது. ஆர்ஸ்பாம்டி அப்படிச் செய்ய விடும்.

## வழி 3: வெளி கேட்வே, அல்லது பெட்டிகளையே மாற்றிவிடுவது

உங்கள் டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றி, மெயில் முதலில் ஒரு சேவை நிறுவனத்துக்குப் போய், வடிகட்டி, பிறகு உங்கள் சர்வருக்கு வருவது கேட்வே முறை. பெட்டிகளையே கூகுள் ஒர்க்ஸ்பேஸுக்கோ மைக்ரோசாஃப்ட் 365-க்கோ மாற்றுவது அதன் அடுத்த படி. இவர்களுக்கு லட்சக்கணக்கான நிறுவனங்களின் மெயில் தெரியும். காலை ஒன்பதரை மணிக் கோப்பை வேறு யாருக்கோ வந்தபோதே பார்த்திருப்பார்கள். சின்ன சர்வரால் இந்த வேகத்தை எட்ட முடியாது.

பணம் தெரிந்த செலவு. தெரியாதவை இவை.

எம்எக்ஸை மாற்றினால் மட்டும் போதாது. உங்கள் பழைய சர்வரின் ஐபி இன்னும் திறந்திருந்தால், ஸ்பேம் அனுப்புபவர்கள் கேட்வேயைச் சுற்றிக்கொண்டு நேராக அங்கே அனுப்புவார்கள். மெயில் வந்து சேரும் 25-ஆம் போர்ட்டை கேட்வேயின் ஐபிகளுக்கு மட்டும் திறக்க வேண்டும். இதைச் செய்யாமல் மாதாமாதம் பணம் கட்டும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். அதேபோல உள் சர்வரில் எஸ்பிஎஃப் சோதனையை நிறுத்த வேண்டும், ஏனென்றால் அதற்கு எல்லா மெயிலும் கேட்வேயிலிருந்து வருவதாகத்தான் தெரியும்.

பிடித்துவைத்த மெயில்கள் (குவாரன்டைன்) அவர்களுடைய பக்கத்தில் இருக்கும். தினமும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அந்த பையர் ஆர்டர் அங்கேயே கிடந்து, நாள் கடந்து, அழிந்துபோகும்.

சட்டமும் உண்டு. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி, பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-இல் மெயிலின் தடத்தைப் பின்னோக்கித் தேட முடிவது 90 நாள்தான். மீதிக்கு நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். ஒப்பந்தம் போடுமுன் கேளுங்கள்.

## வழி 4: சாண்ட்பாக்ஸ்

இணைப்பை ஒரு போலிக் கணினியில் திறந்து, அது என்ன செய்கிறது என்று பார்ப்பது. புதிய வைரஸுக்கு எதிராக நல்ல ஆயுதம். ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் சில நிமிடத் தாமதம், கூடுதல் கட்டணம். போலிக் கணினி என்று தெரிந்தால் சும்மா இருந்துவிடும் வைரஸ்களும் உண்டு. வங்கி, மருத்துவமனை, பெரிய நிறுவனம் என்றால் யோசிக்கலாம். நாற்பது பெட்டிக்கு இதிலிருந்து தொடங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வழி 1: கோப்பு வகை | வழி 2: ஆர்ஸ்பாம்டி, கிளாம்ஏவி | வழி 3: கேட்வே |
|---|---|---|---|
| புதிய வைரஸ் | வகை பட்டியலில் இருந்தால் நிற்கும் | ஆர்ஸ்பாம்டி ஓரளவு பிடிக்கும், கிளாம்ஏவி பிந்தும் | மூன்றில் வேகமானது |
| ஜிப்புக்குள் இருப்பது | தெரியாது | பெயர்கள் தெரியும் | தெரியும் |
| தவறித் தடுத்தால் | அனுப்பியவருக்கு உடனே தெரியும் | வாசலிலேயே மறுத்தால் தெரியும் | பெரும்பாலும் குவாரன்டைனில் கிடக்கும் |
| பழுதானால் | பழுதாக ஒன்றுமில்லை | ஆர்ஸ்பாம்டி நின்றால் மெயில் தாமதமாகும், கிளாம்ஏவி மட்டும் நின்றால் அதன் சோதனையின்றி உள்ளே வரும் | அவர்கள் சரிசெய்யும் வரை காத்திருக்க வேண்டும் |
| கவனிப்பு | மூன்று மாதத்துக்கு அரை மணி | வாரம் ஒன்றிரண்டு மணி | தினம் பத்து நிமிடம் |
| பணம் | இல்லை | கூடுதல் நினைவகம் | பெட்டிக்கு மாதக் கட்டணம் |

## மறுப்பதா, மறைப்பதா

எந்த வழியைத் தேர்ந்தாலும், பிடித்த மெயிலை என்ன செய்வது என்பதில் பலர் தவறுகிறார்கள். மெயிலை முழுதாக வாங்கிக்கொண்டு, பிறகு ‘வைரஸ் இருந்தது’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. சம்பந்தமில்லாத யாரோ ஒருவருக்குக் குப்பை போகும், உங்கள் ஐபி தடைப்பட்டியலில் ஏறும். சத்தமில்லாமல் அழிப்பதும் வேண்டாம், நல்ல மெயிலும் அப்படியே தொலையும். எஸ்எம்டிபி பேச்சு, அதாவது இரண்டு சர்வர்களும் மெயிலைக் கைமாற்றும் உரையாடல், நடக்கும்போதே மறுத்துவிடுங்கள். அப்போது உண்மையான அனுப்புநருக்கு அவருடைய சர்வரே காரணத்தைச் சொல்லும். அந்த மறுப்பு வரியில் ‘இந்த வகைக் கோப்பை ஏற்பதில்லை, இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று அலுவலகத் தொலைபேசி எண்ணையும் சேர்த்துவிடுங்கள். இது ஒரு வரி வேலை. பையர்களோடு எத்தனையோ மனஸ்தாபத்தைத் தவிர்க்கும்.

எச்டிஎம்எல் போல நியாயமாகவும் வரக்கூடிய வகைகளுக்கு மட்டும், போஸ்ட்ஃபிக்ஸில் மெயிலை நிறுத்திவைத்து, பார்த்த பிறகு விடுவிக்கும் வசதியைப் பயன்படுத்தலாம்.

## யாருக்கு எது

சர்வரைக் கவனிக்க ஆளே இல்லை, முன்பு அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றால் வழி 3. தயங்க வேண்டாம். கவனிப்பாரில்லாத சர்வரில் வடிகட்டி மட்டுமல்ல, சர்வரே ஆபத்து.

ஆள் இருக்கிறார், ஆனால் நேரமில்லை, சர்வரும் 2 ஜிபி என்றால் வழி 1-ஐக் கறாராகப் போட்டு, கிளாம்ஏவி இல்லாமல் ஆர்ஸ்பாம்டியை மட்டும் சேர்க்கலாம். அது கொஞ்ச நினைவகத்திலேயே ஓடும். வடிவமைப்பு வரைபடங்களை ஜிப்பாக அனுப்பி வாங்கும் பட்டறைகள், ரகசிய ஒப்பந்தத்தால் மெயிலை மூன்றாம் நபரிடம் கொடுக்க முடியாத நிறுவனங்கள், இவர்களுக்கு வழி 2 முழுதாக, 4 ஜிபியோடு.

தம்பிக்கு நான் சொன்னது வழி 1-உம் ஆர்ஸ்பாம்டியும். கிளாம்ஏவியை நினைவகம் கூட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னேன்: முதல் நாளே தடுக்காதே. போஸ்ட்ஃபிக்ஸ் விதிகளை இரண்டு வாரம் எச்சரிக்கை நிலையில் வை. அது எதையும் நிறுத்தாது, எதை நிறுத்தியிருக்கும் என்று லாகில் எழுதும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, தடுக்கப்பட்டிருக்கக்கூடிய உண்மையான மெயில் ஒன்று இருந்தது. ஒரு லேபிள் சப்ளையர் தன் டிசைன் கோப்புகளை, தானே விரிந்துகொள்ளும் எக்ஸி ஆர்க்கைவாக அனுப்பிக்கொண்டிருந்தார். தம்பி அவரை அழைத்து, “அண்ணா, இனிமே ஜிப்பா அனுப்புங்க” என்றார். மறுநாள் காலை விதியை மறுப்புக்கு மாற்றினார்.